உப்பில் விழுந்த உயிரணு

(வானூரில் மாணவர்களும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்களும் பொதுமக்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே ஒழுங்குபடுத்தப்பட்டது.)



அழைப்பிதழில் 'புரதக் கைனேஸ்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருப்பதே எனக்கு ஆச்சரியம். இதே பொருளைச் சென்னையில் பேசியிருந்தால் புற்றுநோயிலிருந்து தொடங்கியிருப்பேன். வானூரில் உப்பிலிருந்து தொடங்குகிறேன். ஊருக்காக வலிந்து சேர்த்தது இல்லை இது. ஒரு கைனேஸ் மரபணுக்களை எப்படி எழுப்புகிறது, அதே கைனேஸ் ஓர் உயிரணுவை எப்படிச் சாவுக்கு அனுப்புகிறது என்பதை ஆய்வாளர்கள் தெளிவாகப் பார்த்தது, உயிரணுவின் மேல் உப்பு நீரை ஊற்றிச் செய்த சோதனைகளில்.

கடல்நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பாத்தியில் விட்டு வெயில் காயக் காய, உப்புநீரின் செறிவை அளக்கும் போமே மானியில் 25 டிகிரி வாக்கில் உப்பு படியத் தொடங்கும். இதை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது அழகில்லை. அந்தத் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட ஓர் உயிரணுவின் பாட்டை மட்டும் சொல்கிறேன். வெளியே உப்பு கூடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே ஓடும். சில நொடிகளில் உயிரணு சுருங்கிப்போகும். உள்ளே புரதங்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொள்ளும். நடந்துகொண்டிருந்த வேலைகள் திணறும். நம் கழுவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். வானூர், மரக்காணம் ஆகிய இரண்டு வட்டங்களிலும் பரந்து கிடக்கும் அந்த ஈரநிலத்தை 2021 டிசம்பரில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே பறவைகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் நிறைகிறது; கோடையில் உவர்ப்பு ஏறுகிறது. அந்தச் சேற்றிலிருக்கும் பாசியும் பூஞ்சையும் புழுவும் ஆண்டுதோறும் இரண்டுக்கும் ஈடுகொடுக்கின்றன. கண்ணும் காதும் இல்லாத ஓர் உயிரணுவுக்கு உப்பு ஏறியது எப்படித் தெரிகிறது? தெரிந்தபின் அது என்ன செய்கிறது?

செய்தி சொல்வதும் செய்யவைப்பதும் பெரும்பாலும் கைனேஸ்களின் வேலை. 1955இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர், தசையில் சேமித்துவைத்த சர்க்கரையை உடைக்கும் ஒரு நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நொதி சில நேரம் வேலை செய்தது, சில நேரம் தூங்கியது. இரண்டு நிலைக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாஸ்பேட் துணுக்குதான். ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து அந்தத் துணுக்கை எடுத்து இந்த நொதியின் மேல் ஒட்டிவைக்க இன்னொரு நொதி இருந்தது. அதுதான் கைனேஸ். பாஸ்பேட்டுக்கு எதிர்மின் சுமை உண்டு. அது வந்து ஒட்டியதும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. மாறிய வடிவத்துக்கு வேறு வேலை, வேறு கூட்டாளிகள், சில நேரம் வேறு இருப்பிடம். இதைக் கண்டதற்காக இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 1992இல். ஒருவேளை பொறுமைக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். 2002இல் மனித மரபணுத் தொகுதியை அலசி, நம்மிடம் இருக்கும் புரதக் கைனேஸ்கள் 518 என்று கணக்கிட்டார்கள்.

ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றுவதற்குத் தனி நொதிகள் இருக்கின்றன. அவை பாஸ்படேஸ்கள். பாத்திக்குத் தண்ணீர் விட மடையைத் திறப்பவர் ஒருவர், போதும் என்று அடைப்பவர் வேறொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் திறப்பவருக்கு ஓர் அத்தியாயம், அடைப்பவருக்கு ஒரு பத்தி. என் கருத்தில் அடைப்பவருக்கு இன்னும் நிறையப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கவேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான்: எந்தக் கைனேஸ் விழித்தது என்பதைவிட, எத்தனை நிமிடம் விழித்திருந்தது என்பதுதான் உயிரணுவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

இப்போது ஈஸ்டுக்கு வருவோம். ரொட்டிக்கடையில் மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட். 1993இல் மைக்கேல் கஸ்டின் குழுவினர் உப்பு கூடிய இடத்தில் பிழைக்கத் தெரியாத ஈஸ்ட் வகைகளைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் கெட்டுப்போயிருந்த மரபணுக்களில் ஒன்று ஒரு கைனேஸுக்கு உரியது. அதற்கு ஹாக்-1 என்று பெயரிட்டார்கள். நல்ல ஈஸ்டை உப்பு நீரில் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஹாக்-1 மேல் பாஸ்பேட் ஏறிவிடுகிறது. சில நிமிடங்களில் அது உட்கருவுக்குள் குவிகிறது. உப்பு மிதமாக இருந்தால் அரை மணி, முக்கால் மணிக்குள் பாஸ்பேட் இறங்கி, ஹாக்-1 வெளியே வந்துவிடுகிறது. அதற்குள் ஈஸ்டின் உள்ளே கிளிசரால் சேர்ந்திருக்கும். வெளியிலிருக்கும் உப்பு தண்ணீரை அந்தப் பக்கம் இழுக்க, உள்ளிருக்கும் கிளிசரால் இந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கும். சுருங்கிய உயிரணு மறுபடி நிமிரும்.

உட்கருவுக்குள் போன ஹாக்-1 அங்கே என்ன செய்கிறது? ஏதாவது ஒரு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிட்டுத் திரும்பிவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். வியன்னாவில் குஸ்தாவ் அம்மரர் குழுவினர் 2001இல் வேறொரு காட்சியைக் காட்டினார்கள். ஹாக்-1 நேராக டி.என்.ஏ. வரைக்கும் போய், எழுப்பவேண்டிய மரபணுக்களின் தொடக்கப் பகுதியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. மரபணுவைப் படிக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை அங்கே வரவழைக்கிறது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களைத் திருத்தும் நொதியையும் கூட்டிவருகிறது என்பது 2004இல் தெரிந்தது. கிளிசரால் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்கள் உட்பட நூற்றுக்கணக்கானவை இப்படிச் சில நிமிடங்களில் எழுந்துவிடுகின்றன.

எல்லாக் கைனேஸும் டி.என்.ஏ. வரை நடப்பதில்லை. கிரெப் என்ற புரதத்தில் 133ஆம் இடத்து செரினில் ஒரு பாஸ்பேட் ஏறினால் மரபணு விழிக்கும் என்று 1989இலேயே காட்டிவிட்டார்கள். அங்கே கைனேஸ் டி.என்.ஏ.வில் உட்காராமலே காரியத்தை முடித்துவிடுகிறது. இன்னும் அடிப்படையான ஒன்று உண்டு. மனிதரின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்கு ஒரு வால் இருக்கிறது; ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே வரிசை, சிறு மாறுதல்களோடு, அதில் 52 முறை திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வாலில் கைனேஸ்கள் பாஸ்பேட் ஒட்டினால்தான் பாலிமரேஸ் தொடங்கிய இடத்தை விட்டு ஒழுங்காக நகரும். ஆகவே கைனேஸ் தொடாத மரபணு வெளிப்பாடு என்று ஒன்றைத் தேடிப்பிடிப்பதே கடினம்.

இங்கே ஒரு குறுக்குச் செய்தி. 2008இல் கலிபோர்னியாவில் ஜெரமி தார்னர் குழுவினர் ஒரு குறும்பு செய்தார்கள். ஹாக்-1ஐ உயிரணுவின் புறச்சவ்வில் கட்டிப்போட்டு, உட்கருவுக்குள் போகவிடாமல் தடுத்துவிட்டார்கள். மரபணுக்கள் ஒழுங்காக எழவில்லை. ஆனால் ஈஸ்ட் உப்பில் பிழைத்துக்கொண்டது! கைனேஸ் உட்கருவுக்கு வெளியிலிருந்தபடியே, ஏற்கெனவே இருக்கிற நொதிகளைக் கொண்டு கிளிசராலைச் சேர்க்கவைத்துவிடும் என்று தெரிந்தது. அப்படியானால் நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பியதெல்லாம் எதற்கு? அடுத்த சில மணி நேரத்துக்கும் அடுத்த உப்புக்கும் ஆயத்தமாக இருக்கத்தான் என்பது என் எண்ணம். முதல் பத்து நிமிட நெருக்கடிக்குக் கையிருப்பே போதும். மரபணு என்றாலே எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் மாணவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

1994இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் உப்பு கூடினால் விழிக்கும் கைனேஸ்கள் அகப்பட்டன. ஒன்றுக்கு பி-38 என்று பெயர், இன்னொன்றுக்கு ஜேஎன்கே. ரோஜர் டேவிஸ் குழுவினர், ஹாக்-1 இல்லாமல் உப்பில் தத்தளித்துக்கொண்டிருந்த ஈஸ்டுக்குள் மனித ஜேஎன்கேயை வைத்தார்கள். ஈஸ்ட் உப்பில் வளர்ந்தது. ஈஸ்டும் மனிதனும் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் மனிதனின் கைனேஸ் ஈஸ்டின் வீட்டு வேலையைச் செய்துகொடுத்துவிட்டது.

சரி, சாவுக்கு வருவோம்.

அதே 1994இல் ஹாருவோ சைட்டோ குழுவினர் ஈஸ்டில் உப்பை உணரும் ஒரு புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். அமைதியான காலத்தில் ஹாக்-1ஐ அடக்கிவைத்திருப்பது அந்தப் புரதம்தான். அது போனதும் ஹாக்-1 ஓயாமல் விழித்தே இருந்தது. ஈஸ்ட் செத்தது. உப்பே இல்லாத நல்ல ஊட்டநீரில் செத்தது. ஹாக்-1ஐயும் சேர்த்து நீக்கியபோது பிழைத்துக்கொண்டது. இதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். அந்த ஈஸ்டைக் கொன்றது உப்பு இல்லை. உப்பிலிருந்து காப்பாற்ற வைத்திருந்த கைனேஸ், அடைப்பதற்கு ஆளில்லாமல், அதைக் கொன்றது.

நம் உயிரணுக்களில் சாவு இன்னும் ஒழுங்கான காரியம். 1972இல் கெர், வில்லி, கர்ரி மூவரும் அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். உயிரணு வெடித்துச் சிதறுவதில்லை. காஸ்பேஸ் என்ற நொதிகள் உள்ளேயிருந்தே ஒவ்வொன்றாக அறுக்கின்றன, டி.என்.ஏ. துண்டாகிறது, உயிரணு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது, பக்கத்து உயிரணுக்கள் அவற்றை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்துவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மண்புழுத் தம்பியில், அதாவது உருளைப்புழுவில், வளர்ச்சியின்போது 1,090 உடல் உயிரணுக்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 மட்டும் ஒவ்வொரு புழுவிலும் தவறாமல் சாகின்றன. இதற்கு 2002இல் ஒரு நோபல் பரிசு. உங்கள் கைவிரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருப்பதும் கருவில் இடையிலிருந்த உயிரணுக்கள் இப்படிச் செத்ததால்தான்.

இந்தச் சாவில் ஜேஎன்கேக்குப் பங்கு உண்டு என்பது 2000இல் உறுதியானது. ஜேஎன்கே இல்லாத எலி உயிரணுக்களின் மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அவை எளிதில் சாகவில்லை. ஆனால் வேறு சோதனைகளில் அதே ஜேஎன்கே உயிரணுவைக் காப்பாற்றியது. ஆய்வாளர்கள் கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். 2006இல் டேவிஸ் குழுவினர், வேண்டிய நிமிடத்தில் நிறுத்தக்கூடிய ஒரு ஜேஎன்கேயை உருவாக்கி, ஒரே உயிரணுவில் இரண்டையும் காட்டினார்கள். தொடக்கத்தில் சிறிது நேரம் வரும் ஜேஎன்கே பிழைப்புக்கான மரபணுக்களை எழுப்புகிறது. அது நீண்டுகொண்டே போனால் சாவின் பக்கம் தள்ளுகிறது. இரண்டு கட்சியும் சரி; கடிகாரத்தைப் பார்க்காமல் சண்டை போட்டிருக்கிறார்கள்.

வயலுக்கு வருவோம். செடிகளிலும் இதே கதை, வேறு பாத்திரங்களோடு. 1990களிலும் 2000ஐ ஒட்டியும் ஜியான்-காங் ஜூ என்ற சீன-அமெரிக்க ஆய்வாளர் உப்பைத் தாங்காத ஒரு சிறு கடுகினச் செடியிலிருந்து மூன்று புரதங்களைப் பிரித்தார். உப்பு பட்டதும் உயிரணுவில் கால்சியம் உயரும். அதை எஸ்ஓஎஸ்-3 உணர்ந்து எஸ்ஓஎஸ்-2 என்ற கைனேஸை எழுப்பும். அது சவ்வில் இருக்கும் எஸ்ஓஎஸ்-1இல் பாஸ்பேட் ஒட்டும். எஸ்ஓஎஸ்-1 சோடியத்தை வெளியே தள்ளும். நெல்லிலும் இதே அமைப்பு உண்டு. சோடியத்தைத் தள்ள முடியாமல் போனால் வேர்முனையில் உயிரணுக்கள் திட்டமிட்ட சாவுக்கே போகின்றன.

இதைக் கேட்டதும் "அப்படியானால் கைனேஸை மாற்றி உவர்நிலத்துக்கு நெல் செய்யலாமே" என்று தோன்றும். செய்துபார்க்கிறார்கள். ஆனால் நம் உழவர்கள் கைனேஸ் என்ற பெயரைக் கேட்பதற்கு முன்பே குழியடிச்சானையும் களர்பாலையையும் உவர் மண்ணில் விதைத்தார்கள். கேரளத்தின் பொக்காளி நெல்லில் முதல் குரோமோசோமில் ஒரு பகுதி உப்பைத் தாங்கவைக்கிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பல நாடுகளுக்கு அது போயிருக்கிறது. அந்தப் பகுதியில் பெயர்பெற்ற மரபணு ஒரு சோடியக் கடத்திக்கு உரியது, கைனேஸுக்கு இல்லை. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரீடா குழுவினர் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் மரபணுக்களைப் பிரித்து நெல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள். என் துறையைப் பற்றி நானே சொல்கிறேன்: உப்பைத் தாங்கும் நெல்லில் இதுவரை உழவருக்குக் கைகொடுத்தது கைனேஸ் அறிவு என்று மார்தட்ட முடியாது.

உடம்புக்குள் வருவோம். இரத்தத்தின் செறிவு சுமார் 290 மில்லி ஆஸ்மோல். கடல்நீர் ஏறக்குறைய 1,000. சிறுநீரகத்தின் உட்பகுதியில், தண்ணீரை மிச்சப்படுத்தும்போது, அது 1,200 வரை போகிறது. கடலைவிடச் செறிவான அந்த இடத்தில் உயிரணுக்கள் நாள்தோறும் வாழ்கின்றன. அங்கே பி-38 முதலிய கைனேஸ்கள், 1999இல் கண்டறியப்பட்ட ஒரு புரதத்தை முடுக்கி, சார்பிட்டால், பீட்டைன் போன்றவற்றைச் சேர்க்கும் மரபணுக்களை எழுப்புகின்றன. ஈஸ்டுக்குக் கிளிசரால், நமக்கு இவை. செறிவு மெல்ல ஏறினால் உயிரணு பழகிக்கொள்ளும். திடுமென்று மிகக் கடுமையாக ஏறினால், வளர்ப்புக் கிண்ணத்தில் அந்த உயிரணுக்கள் அப்போப்டோசிஸுக்குப் போவதைப் பார்க்கலாம்.

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தை அளந்து, தொழிலாளர்களின் சிறுநீரகச் செயல்பாட்டையும் சோதித்தார்கள். பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பம், போதாத குடிநீர், கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பது எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பாதிப்பை நேரடியாக பி-38 கணக்கிலோ ஜேஎன்கே கணக்கிலோ எழுத நான் துணியமாட்டேன். அதற்கு மருந்து எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: பாத்திக்குப் பக்கத்திலேயே நிழல், குடிநீர், கழிப்பறை. இதற்கு மூலக்கூறு உயிரியல் தேவையில்லை.

மடை அடைபடாமல் போனால் எப்போதும் சாவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. இதை ஜேனட் ரௌலி 1973இல் கண்டார். அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்ற கைனேஸ் பிறக்கிறது. அதற்கு ஓய்வே கிடையாது. அது ஸ்டாட்-5 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஒட்ட, ஸ்டாட்-5 உட்கருவுக்குள் போய், சாவைத் தடுக்கும் மரபணுக்களை எழுப்புகிறது. சாகவேண்டிய வெள்ளணுக்கள் சாகாமல் பெருகுகின்றன. ஏடிபி வந்து உட்காரவேண்டிய குழியை அடைத்துக்கொள்ளும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா அனுமதி தந்தது. குழி அடைபட்டதும் அந்த உயிரணுக்கள் சாவு வழிக்குத் திரும்பின.

அந்த மருந்தின் வழக்கு தொடங்கியது நம் சென்னையில். மருந்தைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. ஏற்கெனவே அறிந்த மருந்தின் புது வடிவத்துக்கு எளிதில் காப்புரிமை தராத 3(டி) சட்டப்பிரிவையே எதிர்த்த மனுவை 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றமும் மறுத்துவிட்டது. அப்போது அசல் மருந்துக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. இந்திய நிறுவனங்களின் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைத்தது. ஒரு கைனேஸின் குழி எப்படியிருக்கிறது என்ற அறிவு மாத்திரையைத் தந்தது. அதை நோயாளியின் கைக்குக் கொண்டுவர ஒரு சட்டப்பிரிவு வேண்டியிருந்தது.

பி-38ஐ அடைக்கவும் மருந்து தேடினார்கள். மூட்டுவாதத்துக்கு என்று பல நிறுவனங்கள் பெரும்பணம் செலவிட்டன. முதல் சில வாரங்கள் வீக்கம் குறைவதுபோல் தெரிந்தது. பிறகு பயன் மங்கியது. கல்லீரல் பாதிப்பும் தலைகாட்டியது. பிசிஆர்-ஏபிஎல் நோயாளியின் கெட்டுப்போன உயிரணுக்களில் மட்டும் இருப்பது. பி-38 உடம்பெங்கும் நாள்தோறும் திறந்து அடைந்து வேலை செய்வது. அதை முழுநேரமும் அடைத்துவைத்தால் உடம்பு வேறு வழி தேடிக்கொள்கிறது.

உரை முடிந்ததும் கேள்விகள் வந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன். உப்பு வாரும் வேலை செய்யும் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "சார், நாள் பூரா உப்புலயே நிக்கிறோம், வேர்வையா ஊத்துது. ஆஸ்பத்திரில பிரஷர் இருக்கு, உப்பக் கொறைங்கன்றாங்க. கொறைக்கணுமா, கூட்டணுமா?"

நான் சொன்னது இது. அம்மா, உங்கள் சிறுநீரகத்தில் விங்க் என்ற கைனேஸ்கள் இருக்கின்றன. 2000இல் கண்டுபிடித்தார்கள். அவற்றின் மரபணுவில் கோளாறு வந்தால் பரம்பரை இரத்த அழுத்தம் வரும் என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. சிறுநீரில் போகவிருக்கும் உப்பை எவ்வளவு திரும்ப எடுக்கலாம் என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பாட்டில் பொட்டாசியம் குறைந்தால் அவை விழித்துக்கொண்டு உப்பைப் பிடித்துவைக்கும், அழுத்தம் ஏறும். ஆகவே உப்பை மட்டும் பார்க்காதீர்கள். கீரை, காய், பழம் சேர்ந்தாலே அந்தக் கைனேஸ்கள் கொஞ்சம் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு. வேர்வை ஊற்றும் வேலைக்கு முதலில் வேண்டியது தண்ணீர். அதன்மேல் உப்பு எவ்வளவு என்பதை உங்கள் அழுத்தத்தைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள்; வேலை வெயிலில் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். அப்போது பொட்டாசியம் சரியாக வெளியேறாமல் போகலாம். இளநீரைக்கூட மருத்துவர் சரி என்ற பிறகுதான் குடிக்கவேண்டும்.